அண்ணி எடுக்க மறுத்த பக்கம்

எங்கள் மென்பொருளில் ஒரு பக்கத்தை அழிப்பதற்கான பொத்தான் எழுதியவரின் திரையில் மட்டும்தான் இருந்தது. நிறுவனத்தின் கையிலும் ஒன்று இருக்கட்டும் என்று நான் வாதாடிப் பார்த்தேன். அண்ணி ஒப்பவில்லை. அவர்கள் எழுதியது அவர்களுடையது, நமக்கு எதற்கு அந்தப் பொத்தான் என்றார்.

வலைப்பதிவைக் குறிக்கும் பிளாக் என்ற சொல்லே எங்கள் காதில் விழாத தொண்ணூறுகளின் கடைசி அது. ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அண்ணி, கணினிப் பயிற்சி மையத்து வேலையை விட்டுவிட்டு, அங்கே மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்தார். நிறுவனம் என்பது அவரும் நானும்தான். பிரவுசிங் சென்டருக்குப் போய் மனதில் பட்டதைத் தட்டினால் போதும், அது இணையத்தில் ஒரு பக்கமாகிவிடும். அதைத்தான் செய்து வைத்திருந்தோம்.

கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துப் பெண் ஒருத்தி, மைசூரில் நர்ஸ், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி எழுதிவந்தாள். தான் வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை போட்ட கையுறைகளைக் கழுவிக் காயவைத்து மறுபடியும் போடச் சொல்வதை ஒருநாள் எழுதினாள். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் எங்கள் கட்டட உரிமையாளருக்குப் புரிந்துவிட்டது. அந்த நர்சிங் ஹோமும் அவருடையதுதான்.

அவர் படியேறி வந்து, குரலை உயர்த்தாமல், அந்தப் பக்கத்தை எடுங்கள், இல்லையென்றால் அறையைக் காலி செய்யுங்கள் என்றார். எழுதியவளைக் கேட்கவேண்டும் என்றார் அண்ணி. கடை உங்களுடையதுதானே, அவளை எதற்குக் கேட்பது என்றார் அவர். "கடை எங்களோடது. பேச்சு அவளோடது" என்று அண்ணி கன்னடத்தில் சொன்னார்.

நாங்கள் சொல்லியனுப்ப, டியூட்டி முடிந்து சீருடையோடு வந்த நர்ஸ் உட்காரவே இல்லை. அண்ணி எதையும் மறைக்காமல் சொன்னார். "எடுத்துடலாம்னா இப்பவே நீயே அழிச்சுடும்மா, பொத்தான் உன் திரையிலதான் இருக்கு. உன் வேலையையும் பார்க்கணும் இல்லையா?"

அவள் திரையில் தன் எழுத்தை முழுதாகப் படித்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

"இருக்கட்டுங்கக்கா. கீழ எம்பேரயும் போட்டுருங்க. இல்லீனா யாரு எழுதுனதுன்னு மத்த புள்ளைங்களப் புடிச்சுக் கேப்பாங்க."

போட்டோம். அவளுக்கு வேலை போயிற்று, எங்களுக்கு அறை போயிற்று. கணினிகளை ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தி இடம் செய்துகொடுத்தார். கொஞ்ச நாளில் அதே நர்சிங் ஹோமிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் எழுதினார்கள், தங்கள் பெயரிலேயே. பிறகு அங்கே புதுக் கையுறைகள் வந்தன. அதையும் அவர்களே எழுதினார்கள். ராமாபுரத்துப் பெண் கொள்ளேகாலில் வேறு வேலை தேடிக்கொண்டு, எழுதுவதையும் தொடர்ந்தாள்.

வெளிநாட்டு நிறுவனங்கள் இதையே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் நாங்கள் மூடினோம். அன்றைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். வளைந்து பிழைத்து என்ன செய்திருப்போம் என்று அண்ணி திருப்பிக் கேட்பார். எனக்கும் அதே கேள்விதான்.

இப்போது நான் வேலை பார்க்கும் பெரிய நிறுவனத்தில் எந்தப் பக்கத்தையும் ஒரு நொடியில் நீக்கிவிட முடியும். போன வாரம் அப்படி ஓர் உத்தரவு வந்தது. எழுதியவரைக் கேட்காமல் நீக்கமாட்டேன் என்று பதில் அனுப்பினேன். மேலாளர் விளக்கம் கேட்டிருக்கிறார். கேட்கட்டும். பக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.