அம்மை போட்ட வூடும் கம்பெனி ஊசியும்

எங்க அத்தைக்கும் எனக்கும் ஒத்துப் போவாதுன்னு ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரெண்டு பேருக்குமே வாய் நீளம். அத்தைன்னா என் மாமியாரைச் சொல்றேன். என் வூட்டுக்காரர் லாரி ஓட்டிட்டு இருந்தவர், தொப்பூர் எறக்கத்துல நடந்த விபத்துல போயிட்டார். அதுக்கப்புறம் அத்தை, நானு, என் பொண்ணு, மூணே பேருதான். அத்தை களை வெட்டப் போவும். கூப்பிட்டா கூலி உண்டு, கூப்பிடலன்னா இல்ல. மாசம் பொறந்தா நிச்சயமா வர்றதுன்னா அது என் சம்பளம் மட்டுந்தான்.

தர்மபுரி ரோட்டுல இருக்கற ஒரு சட்டைக் கம்பெனியில எனக்கு வேலை. கடத்தூர்ப் பக்கம் எங்க ஊரு வரைக்கும் கம்பெனி பஸ் வரும். சட்டைக்குக் காலர் வெக்கறது என் பங்கு. அங்க யாரும் முழுச் சட்டை தெக்க மாட்டோம். ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட், ஒருத்தி காலர்னு வரிசையா ஒக்காந்து கைமாத்திக் கைமாத்திதான் ஒரு சட்டை வெளிய வரும். லைன்னு சொல்லுவோம். லைன்ல ஒரு சீட்டு காலியானா பின்னாடி இருக்கறவங்க எல்லாம் சும்மா ஒக்காரணும். அதனால ஒருத்தி சேந்தாப்புல லீவு போட்டா அந்த எடத்துல வேற பொண்ணை ஒக்கார வெச்சிருவாங்க. திரும்பி வந்தா நூல் வெட்டற வேலைதான், அதுவும் இருந்தா.

கொரோனா ரெண்டாவது தடவை வந்து ஊரை ஒலுக்கிட்டு அடங்கின சமயம். கம்பெனியில சொல்லிட்டாங்க, திங்கக்கிழமையில இருந்து ஊசி போட்டவங்களைத்தான் பஸ்ல ஏத்துவோம்னு. நான் ஊசிக்குப் பயந்தவ இல்ல. புள்ளையே பெத்தாச்சு, ஊசி என்னா ஊசி! சனிக்கிழமை கம்பெனிக்கே நர்சுங்க வந்து போடப் போறாங்கன்னதும் மொத ஆளா பேரைக் குடுத்துட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில பொண்ணுக்குத் தலை வாரலாம்னு ஒக்கார வெச்சா, கழுத்துல ரெண்டு கொப்புளம். சட்டையத் தூக்கிப் பாத்தா முதுகெல்லாம் முத்து முத்தா அம்மை. அதுவும் ஆடி வெள்ளி.

அத்தை பாத்த ஒடனே, “வந்துட்டியா தாயே”ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வாசல்ல வேப்பிலை ஏறிடுச்சு. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, யார் வூட்டுக்கும் போவக் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரிஞ்சதுதான், ஒண்ணும் சொல்லல. அடுத்து ஒண்ணு சொல்லுச்சு பாருங்க.

“மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் இந்த வூட்டு ஆளு யாரும் ஊசி போடக் கூடாது புள்ள. ஆத்தா வூட்டுல இருக்கறப்ப ஒடம்புல இரும்பு படலாமா?”

“அம்மை அவளுக்குத்தான அத்தை? ஊசி எனக்குத்தான?”

“ஆத்தா வந்தது வூட்டுக்கு. அவளுக்குன்னு தனியா வரல.”

“ஊசி போடலன்னா வேலை போயிரும். அப்புறம் ஆத்தாளா வந்து அரிசி வாங்கிப் போடுவா?”

கேட்டுட்டு நானே நாக்கைக் கடிச்சிக்கிட்டேன். அத்தை சண்டைக்கு வரல. “செரி, ஆத்தாளையே கேட்டுரலாம்”னு கெளம்புச்சு. எங்க பக்கம் நல்லது கெட்டது எதுக்கும் பூக் கேக்கறது உண்டு. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ரெண்டையும் ஒரே மாதிரி எலையில மடிச்சு சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா செய்யலாம், செவப்பு வந்தா கூடாது. கொரோனா உத்தரவால கோயில் பூட்டிக் கெடந்துச்சு. வெளிய இருக்கற சூலத்துக்கிட்ட போட்டுட்டு, கண்ண மூடிட்டு அத்தைதான் எடுத்துச்சு. பிரிச்சா செவப்பு.

அதுவரைக்கும் நக்கல் பண்ணிட்டு நின்ன எனக்கும் பயம் புடிச்சிக்கிச்சு. பெத்த புள்ள ஒடம்பு பூரா கொப்புளத்தோட படுத்திருக்கா. சாமி இருக்கோ இல்லியோ, நான் மீறிப் போயி அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா என் மனசே என்னைக் கொன்னுடாதா? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்களே, அந்தக் கதைதான்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். “பொண்ணுக்கு அம்மை சார், சாமி உத்தரவு குடுக்கல, ஊசி இப்ப போட முடியாது, லீவு குடுங்க”ன்னு உள்ளத உள்ளபடி சொன்னேன். “உங்க சாமி உத்தரவெல்லாம் எங்க கேட்டுல செல்லாது. திங்கக்கிழமை வரலன்னா சீட்டுக்கு ஆள் போட்டுருவேன்”னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! “போட்டுக்கோ சார், அவ வெக்கிற காலரை நீயே மாட்டிக்கிட்டு நட”ன்னு கத்திட்டு வெச்சிட்டேன். வெச்சப்புறந்தான் என்னா பண்ணிட்டேன்னு ஒறைச்சுது.

எனக்குப் பக்கத்து மெஷின்ல ஒரு பாய் வூட்டு அக்கா, தர்மபுரிக்காரங்க. விசயம் லைனுக்குள்ள பரவினதும் அவங்கதான் மொதல்ல கூப்பிட்டாங்க.

“சூப்பர்வைசர்கிட்ட எதுக்குடி லீவு கேக்கற? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான். நேரா எச்.ஆர். மேடத்துக்குப் போடு. அழுத புள்ளைக்குத்தான் பாலு.”

“நான் ஏங்க்கா அழுவணும்?”

“செரி தாயே, அழுவாத. கேளு.”

கேட்டேன். அந்த மேடம் கோயமுத்தூர்ப் பக்கம். மூணு வருசத்துல நான் அவங்ககிட்ட வணக்கம் தவிர எதுவும் பேசினதில்ல. பொறுமையா எல்லாத்தையும் கேட்டாங்க. பூக் கேட்டதையும் சொன்னேன், சிரிக்கல.

“அம்மை தொத்து நோய்தானேங்க. கொரோனாவோ அம்மையோ, வூட்டுல தொத்து நோய் இருக்கறவங்க உள்ள வரக் கூடாதுன்னுதான் நம்ம ரூலே. உங்க பக்கத்து மெஷினுங்கள்ல மாசமா இருக்கற பொண்ணுங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒட்டினா ஆவுமா? பாப்பாவுக்குக் குணமாவற வரைக்கும் வூட்டுல இருங்க. சம்பளம் புடிக்க மாட்டோம்.”

எனக்கு நம்பிக்கை வரல. “ரொம்பப் பெரிய மனசுங்க மேடம்”னேன்.

“மனசெல்லாம் இல்லீங்க. உங்களுக்குன்னு இருக்கற லீவு, நீங்க எடுத்துக்கறீங்க. அவ்வளவுதான்.”

அந்தப் பேச்சை இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு முதுகு நிமிருது. அதுவரைக்கும் லீவுன்னா கெஞ்சி வாங்கற பொருள்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். என் வூட்டுக்காரர் செத்தப்பக்கூட தலையக் குனிஞ்சிட்டுத்தான் கேட்டேன். ஆனா மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. “திரும்பி வர்றப்ப ஊசி போட்டிருக்கணுங்க. ஒடம்புக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னா தள்ளி வெக்கலாம். பயம்னா தள்ளி வெக்க முடியாது. அத்தனை பேரு ஒரே கூரைக்குக் கீழ ஒக்காந்திருக்காங்க.” அதுலயும் தப்பு சொல்ல முடியாது.

லீவுல இருந்த நாளெல்லாம் பொண்ணு பக்கத்துலயே கெடந்தேன். வேப்பிலைக் கொத்தால தடவி விடுவேன், எளநி குடுப்பேன். அம்மா பஸ்ஸுக்கு ஓடாம பகல்ல வூட்டுல இருக்கறது அவளுக்குப் புதுசு. அரிப்பையும் மீறி ஒரே சந்தோசம் அவளுக்கு. அந்த அக்கா தெனமும் சாயங்காலம் போன் பண்ணுவாங்க. என் சீட்டுல ஆளே போட வுடல. நாங்களே பாத்துக்கறோம்னு சூப்பர்வைசர்கிட்ட அடிச்சுப் பேசி, லைன்ல இருக்கற பொண்ணுங்க ஆளாளுக்குக் கொஞ்ச நேரம் என் மெஷின்ல ஒக்காந்து காலர் வெச்சிருக்காங்க. “கோணக் கோணையா வெக்கறாளுங்க, சீக்கிரம் வாடி”ம்பாங்க. என் கூடப் பொறந்ததுங்க செய்யுமா இத? அந்த சீட்டுல இன்னிக்கும் நாந்தான் ஒக்காந்திருக்கேன்னா அவங்க பண்ணின புண்ணியம்.

மூணாந் தண்ணியும் ஊத்தியாச்சு. வேப்பிலை போட்டு வெயில்ல வெச்ச தண்ணிய ஊத்தி, பொங்க வெச்சு, வாசல்ல இருந்த கொத்தையும் எடுத்தாச்சு. பொண்ணு எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிட்டா. மறுநாள் எங்க ஊரு பள்ளிக்கூடத்துல ஊசி கேம்ப்பு. அதுக்கடுத்த நாள் நான் பஸ் ஏறணும். ஆனா தண்ணி ஊத்தி முடிச்சாலும், ஒரு தடவை செவப்பு வந்த காரியத்த ஆத்தா வெள்ளைப் பூ குடுக்காம செய்யக் கூடாது. மறுபடியும் கேக்கணுமேன்னு எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. போதாக்குறைக்கு ஊசி போட்டுச் செத்தவங்கன்னு யாரோ அனுப்பின வீடியோவ வேற அத்தை நாலு தடவை பாத்துட்டு எங்கிட்டயும் காட்டியிருந்துச்சு.

விடிஞ்சு பாத்தா அத்தையக் காணோம். ஆட்டைப் புடிச்சுக் கட்டப் போயிருக்கும்னு பாத்தேன், இல்ல. கோயில்ல பூக் கேக்கப் போயிருக்கும்னு ஓடினேன், அங்கயும் இல்ல. எதுத்தாப்புல வந்தவங்கதான், “உங்க அத்தை பள்ளிக்கூடத்துல ஒக்காந்திருக்குதே”ன்னாங்க. போச்சு, கேம்ப்புல போயி நர்சுங்களோட வம்பு வளக்குதுன்னு நெனச்சு, பொண்ணை எதிர் வூட்டுல வுட்டுட்டு வேகுவேகுன்னு போனேன்.

பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில பெஞ்சு போட்டிருந்தாங்க. ஊசி போட்டவங்க அரை மணி நேரம் ஒக்காந்துட்டுப் போற எடம். அதுல அத்தை, ரவிக்கைக் கைக்கு மேல பஞ்சை அழுத்திப் புடிச்சிட்டு ஒக்காந்திருக்கு.

“அத்தை! என்னா காரியம் பண்ணின நீ?”

“ஏன் கத்தற? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குது.”

“பூக் கேட்டியா?”

“கேக்கல.”

“ஏன்?”

“கேட்டு மறுபடியும் செவப்பு வந்துட்டா? உன் வேலை போயிரும்ல.” என்னைப் பாக்காம தரையப் பாத்துப் பேசுச்சு. “அதான் நான் முந்திக்கிட்டேன். ஆத்தாளுக்குக் கோவம்னா எம்மேல காட்டட்டும். எனக்கு ஒண்ணு ஆனா கெழவி போயிட்டான்னு நாலு பேரு தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க. உனக்கு ஒண்ணு ஆனா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? மவனைத்தான் குடுத்துட்டேன். உன்னையும் குடுக்க என்னால ஆவாது.”

அத்தனை வருசமா அது ஒண்ணு சொன்னா நான் ஒம்பது சொல்லுவேன். அன்னிக்கு அது பக்கத்துலயே ஒக்காந்து, அரை மணி நேரமும் அது மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்.

“நல்லாத்தான் இருக்கறேன். போ, போயி வரிசையில நில்லு”ன்னு தள்ளி வுட்டுச்சு.

போயி நின்னேன். என் மொறை வந்துச்சு. கையை நீட்டினா கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. நர்சம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, “இன்னும் ஊசியே போடலீங்களே, அதுக்குள்ள ஏங்க அழுவறீங்க?”ன்னு கேட்டாங்க.