பாகில் மூழ்க மறுத்த கடல் தரை

கடல் தரையைக் கையால் செய்து, அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் மூழ்கடித்துப் பார்ப்பது என் வேலை. நல்லவேளை, பெண் பார்க்க வந்தபோது நான் வெறும் ஆற்று மணலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போய், அங்கேயும் திட்டு, இங்கேயும் திட்டு என்று வாழும் தோழிகளே, உங்களுக்காகத்தான் குழந்தை தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். சுனாமி வந்தபோது நான் தரங்கம்பாடியில், அம்மா வீட்டில், நிறைமாதம். கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே வளைந்து இறங்கும் இடத்திலிருந்து அது கிளம்பியது என்று படித்ததும், தஞ்சாவூருக்குத் திரும்பி ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிக்கொண்டேன். நான் பயந்தாங்கொள்ளி. என்னைப் பயமுறுத்தியதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

தொட்டி நிறைய லிக்விட் குளுக்கோஸ். கெட்டிப் பாகு. பூமிக்குள் மெல்ல நகரும் சூடான பாறைக்கு அதுதான் பதிலி. அதன் மேல் இரும்புத்தூள் கலந்து பிசைந்த சிலிக்கோன் பசைத் தகடு, அது கடல் தரை. மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் அந்தத் தகடு தன் கனத்திலேயே அடிவரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. எனக்கும் மகளுக்கும் துபாயில் என் கணவர் பிடித்து வைத்திருக்கும் ஒற்றை அறை.

கடைக்காரர் தயவு

குளுக்கோஸ், மிட்டாய் செய்கிறவர்களுக்குச் சரக்குப் போடும் கும்பகோணத்துக் கடையிலிருந்து வரும். ஒரு டின் வந்தது, ஊற்றினோம், தகட்டை வைத்தேன். கிணற்றில் போட்ட வாளி மாதிரி இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். பேராசிரியர் கரண்டியால் பாகைத் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்து, "பூமி இவ்வளவு அவசரப்படாதும்மா" என்றார்.

நேரே கடைக்குப் போய், "அண்ணே, இதுல என்ன கலந்தீங்க?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. "கைப்பிள்ளைக்காரி, அள்ளி ஊத்தக் கஷ்டப்படுவீங்களேன்னு நான்தான் ரெண்டு செம்பு வெந்நீர் விட்டேன். கல்யாண ஆர்டருக்குக்கூட நான் இவ்வளவு பார்க்கிறதில்லம்மா!"

எறும்பு

கலப்படமில்லாத பாகு வந்தது. தகடு மிதந்தது. கூடவே எறும்பும் வந்தது. தொட்டி வைத்த மேசையின் நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தும், காமிரா எடுத்த படங்களில் என் கடல் தரை மீது ஓர் ஊர்வலம். நான் புலம்புவதைக் கேட்டு, ஆய்வகத்தைக் கூட்ட வரும் செல்வராணி அக்கா சொன்னார்: "அதுங்களைத் திட்டாதீங்க. பூமின்னு நினைச்சா ஏறிச்சு? ஜிலேபின்னு நினைச்சு ஏறிச்சு."

ஜெப விண்ணப்பம்

தகடு மிதந்துகொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாமியார் கோயில் உபதேசியாரிடம், "மருமக செஞ்ச தகடு நல்லபடியா மூழ்கணும், ஜெபத்துல சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் கணீரென்று, "நம் சகோதரியின் தகடு மூழ்காதபடி கர்த்தரே, காத்தருளும்" என்றார். சபை முழுவதும் ஆமென். நான் பெஞ்சுக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

வெளியே வந்ததும் மாமியார் அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, நான் சொன்னது ஒண்ணு, நீங்க கேட்டது ஒண்ணா?"

"பாதி சபையோட பிள்ளைங்க கப்பல்லயும் துபாய்லயும் இருக்காங்க. மூழ்கணும்னு நான் ஜெபம் பண்ணினா, அப்புறம் இந்த ஊர்ல எனக்கு யாரும்மா ஒரு வாய் சோறு போடுவாங்க?"

துபாய் போன்

வெள்ளிக்கிழமை கணவர் போன் செய்வார். குழு வரும் தேதியைச் சொன்னேன். தகடு அசையவில்லை என்றும் சொன்னேன். விசா பேப்பர் தயார் என்றார். "எனக்கு இதை முடிக்கணுங்க" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் போலச் சொன்னார்: "யாரு பார்க்கப் போறா? மேல ஒரு கல்லை வெச்சு அமுக்கிடு."

ராகிக் கஞ்சி

கல்லை வைக்கவில்லை. வைத்திருந்தால் இறங்கியது கல்லாகத்தான் இருந்திருக்கும்.

மகளுக்கு ராகிக் கஞ்சியை விசிறி ஆற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படிந்தது. அதன்மேல் சின்ன ஸ்பூனை வைத்தேன். உள்ளே போகாமல் அப்படியே கிடந்தது. மறுபடி எடுத்து வைத்தேன். கிடந்தது. எங்கள் ஆய்வகத்தில் தொட்டிக்கு நேர் மேலே ஃபேன்! தஞ்சாவூர் வெக்கைக்கு நாங்கள் போட்டுக்கொண்ட காற்றில் பாகின் மேற்பரப்பு காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆடை கட்டி, என் தகட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது!

"கஞ்சியை ஆத்தச் சொன்னா அதுலயும் ஆராய்ச்சியா?" என்றார் மாமியார். "பிள்ளை பசியில கத்துது பாரு, கொண்டா இங்க!"

குழு வந்த நாள்

ஆடையை வழித்தெடுத்து, குழு வரும்வரை தொட்டியை மூடி வைத்தேன். ஃபேன் கிடையாது. அன்று பார்த்து மாமியாருக்குக் காய்ச்சல். மகள் என் இடுப்பில். தகட்டின் முனையை மட்டும் ஒரு முறை உள்ளே வளைத்துவிடுவது இந்த வேலையில் எல்லோரும் செய்வது; அதற்குமேல் கை வைக்கக் கூடாது. வளைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். கோட்டுப் போட்ட மூன்று பெரியவர்கள் வியர்த்து வழிந்தார்கள். தகடு சும்மா இருந்தது. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் தலைவர். "அது இஷ்டம் சார்" என்றேன். அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்தபோது, கொடியிலிருந்து ஈரப் புடவை நழுவுவதுபோல, முனை அடியைத் தொட்டு மடியத் தொடங்கியிருந்தது. மேலே மிச்சத் தகடும் வளைவை நோக்கி ஊர்ந்தது. வளைவும் தகட்டின் பக்கமாகப் பின்வாங்கி அதை எதிர்கொண்டது. பூமியில் நடக்கிறபடியே. மகள் கண்ணாடியைத் தட்டிச் சிரித்தாள். தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, ஒத்துக்கறோம், தானாத்தான் மூழ்கிச்சு. இப்பவாவது அந்த ஃபேனைப் போடுங்க!"

தெரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் தோழிகளே, ஆராய்ச்சி இன்னும் ஒரு வருஷம் நீண்டிருக்கிறது, பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இப்போது அதை அளவெடுத்துப் படம் போட எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.