அண்ணனின் எதிரே நான் மாட்டிய பெல்ட்

அண்ணனின் இந்த ஓராண்டு நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. “நல்லதா மட்டும் எழுதணும்னு இல்லம்மா. நடந்ததை எழுது” என்றார்.

அண்ணன் அன்னவாசலில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. கல்லூரியைப் பாதியில் விட்டுப் புதுக்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்தார். என்னைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். எனக்குப் பாட்டு பிடிக்கும் என்று ரெக்கார்டு பிளேயர் வாங்கித் தந்தவரும் அவரே. இதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

கல்லூரியில் கடைசி வருடம், உடன் படித்த ஒருவர் எனக்கு ஓர் இசைத்தட்டு இரவல் தந்தார். உறைமேல் அவர் பெயர் இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டார். பிளேயரின் சுழல்தட்டைத் தூக்கி, அடியிலிருந்த ரப்பர் பெல்ட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினார். அதே கத்தரிக்கோலால் என் பின்னலையும் வெட்டினார்.

“இனிமே எவன் பாக்குறான்னு பாப்போம்.”

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டே மாதத்தில் மீமிசலில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தார். சவுரி வைத்துத்தான் மணமேடையில் உட்கார்ந்தேன். கணவர் நல்லவராக அமைந்தார். அண்ணன் அதை விசாரித்துச் செய்யவில்லை.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. அண்ணிக்கு ஒத்தாசையாக நான் வந்து தங்கினேன். பரண்மேல் அந்தப் பிளேயர் கிடந்தது. திருச்சியில் ஒரு ரேடியோ கடையில் சொல்லி வைத்துப் புது பெல்ட் வாங்கினேன். கட்டிலுக்கு எதிரே மேசையில் வைத்துப் பிரித்தேன். பழைய பெல்ட் தார்போல உருகி ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். புது பெல்ட்டைச் சுழல்தட்டின் அடியில் சுற்றி, விரலால் இழுத்து, மோட்டார் தண்டில் மாட்டினேன். நான் அவசரப்படவில்லை. அவர் பார்க்கட்டும் என்றே நிதானமாகச் செய்தேன்.

பிறகு, அவர் உடைக்க மறந்த அந்த இசைத்தட்டைப் போட்டேன்.

அண்ணனின் கண்ணில் நீர் வழிந்தது. இடக்கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார்.

“நிறுத்தச் சொல்றாரும்மா” என்றார் அண்ணி.

“தெரியுது அண்ணி.”

இரண்டு பக்கமும் ஓடி முடிந்த பிறகே எடுத்தேன். மறுநாளும் போட்டேன். பதினொரு நாள் போட்டேன். கையை ஆட்டுவதை அவர் ஐந்தாம் நாளே விட்டுவிட்டார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஒருநாளும் குரலை உயர்த்தாத அண்ணி என் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

“ஒனக்கு அவர் பண்ணுனது பாவம்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஊருக்குப் போ. இனி அவரை நான் பாத்துக்கிறேன்.”

பஸ் ஏறினேன். நான்காம் நாள் அண்ணன் இறந்த செய்தி வந்தது.

அண்ணனைத் தூக்கி உட்கார வைக்க அழைத்தபோதெல்லாம் ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என்னை வெளியே அனுப்பி, அண்ணனுக்குக் கடைசியாக நான்கு நாள் நிம்மதி கொடுத்தவர் அவர்.

தங்கை,
மீமிசல்