ருஷ்யாவுக்குப் போனவன் வீட்டு வாசலில் மீன் விற்றது

செத்த வீட்டு வாசலில் மீன்காரி குரல் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, வாயைத் திறக்காமல் தாண்டிவிட வேண்டும். கருமாதி முடிந்த பிறகுதான் அந்த வாசலில் கூடை இறங்கும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, அரியாங்குப்பம் தெருக்களில் விற்கிற எங்களுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் இதில் தவறியதே கிடையாது. அந்தப் பெருமையோடுதான் அன்று காலை கோவிந்தம்மா வீட்டைத் தாண்டினேன்.

நாலு வீடு தள்ளிப் போயிருப்பேன். கோவிந்தம்மாவின் மருமகள் செல்வி ஓடிவந்து என் கூடையைப் பிடித்தாள்.

“எங்க வீட்ட எதுக்கு தாண்டிப் போற? யாரு செத்தா எங்க வீட்ல?”

“தெருவே பேசிக்குதேம்மா…”

“தெருவுக்கா அவரு தாலி கட்டுனாரு? சங்கரா மீனு இருக்கா? வா, வந்து போடு.”

அவள் புருஷன் பிரபு. கோவிந்தம்மாவுக்கு ஒரே பிள்ளை. வெல்டிங் வேலை தெரிந்தவன். ருஷ்யாவில் குடோனில் ஹெல்பர் வேலை என்று ஒரு ஏஜென்ட் அனுப்பிவைத்தான். போன இடத்தில் அந்த ஊர் எழுத்தில் இருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். பிறகு பச்சைச் சட்டை கொடுத்து, துப்பாக்கி கொடுத்து, உக்ரைன் பக்கம் பள்ளம் வெட்ட அனுப்பிவிட்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பிரபு ஐ.டி.ஐ. படித்தவன். படித்தவனுக்கும் படிக்க முடியாத எழுத்து ஒன்று எங்கேயோ இருக்கிறது.

நான் அந்த வாசலைத் தாண்டியதற்கு முதல் நாள் சாயங்காலம் அவனோடு போன பையன் போன் செய்திருக்கிறான். பிரபு இருந்த பள்ளத்தில் குண்டு விழுந்தது, அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சேதி.

செல்வியோடு திரும்பி நடந்தேன். கோவிந்தம்மா தலைவிரிகோலமாக வாசலை மறித்து நின்றாள்.

“அந்த மீனு படியேறுச்சுன்னா நான் எறங்கிடுவேன். எம்புள்ள பனியில கெடக்குறான், ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாம. காரியம் பண்ணாதான் அவன் தாகம் அடங்கும். இவளுக்கு சங்கரா கேக்குது!”

“நீ செத்துட்டான்னு சொன்னா அவரு செத்துருவாரா அத்த?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூடையை இறக்கினால் அவன் இருக்கிறான். இறக்காவிட்டால் இல்லை. மீன் விற்க வந்தவளுக்கு இது என்ன சோதனை என்று இருந்தது. ஆனாலும் தொழில் என்னுடையது, முறையும் என்னுடையது. யோசித்துத்தான் கேட்டேன்.

“கோவிந்தம்மா, மொகத்த பாத்தியா?”

“எங்கேர்ந்து பாக்குறது?”

“பாத்தேன்னு யாராவது சொன்னாங்களா?”

“காணலன்னுதான் சொன்னான்.”

“அப்ப நான் தாண்ட மாட்டேன். தெனம் வந்து கூப்புடுவேன். வாங்குறதும் வாங்காததும் உங்க பாடு.”

கோவிந்தம்மா என்னைப் பேசாத பேச்சு இல்லை. “வியாபாரம் நடந்தா போதும் ஒனக்கு” என்றாள். அது சுட்டது. சங்கராவை ஆய்ந்து செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. உள்ளே கோவிந்தம்மா துக்கம் காத்து, கஞ்சியும் துவையலுமாகச் சாப்பிட்டாள். பின்கட்டில் செல்வி மீன் குழம்பு வைத்தாள். ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தன் பாதி செத்தும் பாதி உயிரோடும் இருந்தான்.

ருஷ்யாவில் எதற்காக இந்தச் சண்டை?

இதை நான் அடுத்த தெருவில் இருக்கிற சொல்தா தாத்தாவிடம் கேட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; சிப்பாய்க்கு அந்தப் பாஷையில் சொல்தா என்று பேர். அல்ஜீரியா சண்டையைப் பார்த்தவர். தொண்ணூறை நெருங்கியும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

“என்னா தாத்தா, பிரான்சு பென்ஷன் வாங்குற வாய்க்கு இன்னிக்கும் மத்திதானா?”

“ஒங்கிட்ட வஞ்சிரம் வாங்குனா பென்ஷன் ஒனக்குத்தான் போவும். போடு மத்திய.”

“ருஷ்யாக்காரன் எதுக்கு தாத்தா அடிக்கிறான்?”

“பக்கத்து ஊட்டுக்காரன் வேற ஆளோட கூட்டு சேந்துட்டா நமக்கு ஆவாதுன்றான். அது ஒருகாலத்துல எங்க எடம்தான்னும் சொல்றான். உக்ரைன்காரன், இது எங்க மண்ணு, யாரோட சேந்தா ஒனக்கென்னான்றான். அதான்.”

“நீங்க எதுக்கு அடிச்சீங்க?”

ஒரு மத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சட்ட மாட்டி உட்டானுங்க, அடிச்சேன். அந்த ஊரு அந்த ஊருக்காரனுக்குத்தான்னு எனக்கு இங்க திரும்பி வந்தப்புறம்தான் ஒறச்சுது.”

எனக்கு இது புதிதாகப் படவில்லை. கடலில் வலைத் தகராறு வந்து இரண்டு குப்பத்துக்காரர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். யார் முதலில் எல்லை தாண்டினான் என்று கேட்டால் இரண்டு கரையிலும் வேறு வேறு கதை. படகுக்குச் சொந்தக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டை உடைந்து கரைக்கு வந்தவன் கூலிக்கு ஏறிப் போனவன். நம் ஊரில் உடைந்த மண்டையாவது வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பிறகு ஒரு நாள் அதிகாரிகள் வந்தார்கள். பெயர் தெரியாத உடல்கள் அங்கே நிறைய இருக்கின்றனவாம். பெற்றவள் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டுமாம். கோவிந்தம்மா கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் நான் குரல் கொடுத்தபோது சட்டி எடுத்துக்கொண்டு வந்தது செல்வி இல்லை, கோவிந்தம்மா.

“சங்கராவா? ரெண்டு நல்லதா போடு அஞ்சலக்கா.”

இரண்டு நல்லதாகப் பொறுக்கிச் சட்டியில் போட்டேன். அவளே சொன்னாள்.

“ரத்தம் பொருந்துனா சொல்றோம்னு போனாங்க. ஒண்ணும் சேதி வரல. வராமலே இருக்கட்டும். எங்கியாவது மாட்டிக்கினு இருப்பான். பேச முடியாத எடமா இருக்கும்.”

“செல்வி எங்க?”

“பேரு தெரியாத ஒடம்பு நெறைய கெடக்குன்னு கேட்டதிலேர்ந்து அவ கவிச்சி தொடறதில்ல.”

செல்வியைக் குழாயடியில்தான் பார்த்தேன். இளைத்திருந்தாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் நகர்த்தவில்லை.

“எத்தினி நாளைக்கும்மா செல்போன கையில வெச்சிக்கினே தூங்குறது? ஒண்ணு வந்துட்டா தேவல. பொட்டியா வந்தாலும் சரி.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

இன்னும் சேதி வரவில்லை. இப்போது உள்ளே மருமகள் துக்கம் காக்கிறாள், பின்கட்டில் மாமியார் மகனுக்குப் பிடித்த குழம்பு வைக்கிறாள். டிவியில் அன்றாடம் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிச் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் பிரபுவும் இல்லை, இந்த இரண்டு பெண்களும் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். முகம் பார்க்காத சாவுக்கு வாசலைத் தாண்டாதீர்கள். எந்த வீட்டுக்கும் கொடுக்கிற குரலையே அங்கேயும் கொடுங்கள். உள்ளிருந்து யாராவது வர நேரமானால் நில்லுங்கள். மீனுக்குக் காத்திருக்கிற அடுத்த தெருக்காரி திட்டுவாள், திட்டட்டும். மீன் கெட்டுவிடாது, ஐஸ் போட்டுத்தானே எடுத்து வருகிறோம்.