மணிக்கொருமுறை பார்த்த வானம்

கம்ப்யூட்டரில் வானிலை மாடல் ஓட்டிப் பிழைப்பவன் மழை வரும் என்று சொன்னால் மட்டும் போதாது. வந்த மழைக்குக் கணக்கும் காட்ட வேண்டும். காற்று கொண்டுவந்த ஈரம், கொண்டுபோனது, தரையிலிருந்து ஆவியானது, மழையாகக் கொட்டியது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நேராக வர வேண்டும். வராது. எந்தக் கணக்கானாலும் சரி, நேர் வராமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான்.

ஆகாசக் குழாய்

கல்கத்தா நியூ டவுனில் எங்கள் ஆபீஸ். நான் ஆராய எடுத்துக்கொண்டது ஒரு கால்பைசாகி. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் திடீரென்று வந்து கல்கத்தாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போகுமே, அந்த இடிமழை. கம்ப்யூட்டருக்குள் அதை அழகாகப் பெய்ய வைத்துவிட்டேன். கணக்குப் பார்த்தால், வந்த ஈரத்தைவிடப் பெய்த மழை அதிகம்! வாரக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் என் முதல் ஆராய்ச்சிப் பேப்பர் அம்பேல். திருச்சியில் படித்த வங்காளியான எங்கள் தலைவி ஷர்மிளாதி தமிழிலேயே கேட்டார்:

"ஏன் ரகு, ஆகாசத்துல ரகசியமா குழாய் ஏதாவது வெச்சிருக்கியா?"

மொட்டைமாடித் துணி

மறுநாள் லேக் கார்டன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே வேலை. என் மனைவி சுதா கடைக்குக் கிளம்பும்போது, "மாடியில துணி காயுது, வானத்தைப் பார்த்துக்குங்க" என்றாள். வானம் பார்ப்பது என் தொழில் அல்லவா! மணிக்கொருமுறை அலாரம் வைத்து, ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். வெயில். அடுத்த முறையும் வெயில். நடுவில் ஏசியும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த அலாரம் அடிப்பதற்குள் சுதா மழையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். எங்கள் போர்வை, பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளின் மாமரத்தில் தொங்கியது. "பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்று இழுத்தேன்.

"மணிக்கொருதரம் எட்டிப் பார்த்தா, மழை உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

நேர்!

வெட்கப்பட வேண்டியவன் துள்ளிக் குதித்தேன். மாடலிலும் நான் அதைத்தான் செய்திருந்தேன்! மழையை மாடல் விடாமல் கூட்டி வைத்திருந்தது; காற்றையும் ஈரத்தையும் நான் மணிக்கொருமுறை எட்டிப் பார்த்துக் கணக்கிட்டிருந்தேன். நடுவில் வந்து போன புயல் கொண்டுவந்த ஈரம் என் கணக்கில் பாதிதான் விழுந்தது. மாடல் ஓடும்போதே, சில விநாடிக்கு ஒருமுறை அது எடுத்து வைக்கும் ஒவ்வொரு சின்ன அடியிலும் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் திரும்ப ஓட்டினேன். கணக்கு நேர்! ஷர்மிளாதி ஆபீசுக்கே சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பேப்பரையும் அனுப்பியாகிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் சுதாவுக்குப் போன் போட்டேன்.

"ரொம்ப சந்தோஷங்க. இன்னிக்குத் துணியை வீட்டுக்குள்ளயே காயப்போட்டுட்டேன்."

வங்காளத்து வானமே என் கணக்குக்குக் கட்டுப்பட்டுவிட்டது, மொட்டைமாடித் துணிக்கொடிதான் இன்னும் என்னை நம்பவில்லை.