ரஹீமாவின் இரட்டை வகுப்பேற்றம்

இன்று பள்ளிக்கூடம் விட்டு, மூதூர் லாஞ்சுப் படகில் திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள் என் மாணவி ரஹீமாவும் அவளுடைய உம்மாவும் மூத்தவளான ராத்தாவும். புது வருசத்துப் புத்தகம் வாங்கப் போகிறார்களாம்.

ரஹீமா ஆறாம் வகுப்பு. மேல் வகுப்புச் சோதனையை எழுதிச் சித்தியடைந்தால், ஒரு வகுப்பைத் தாண்டி ஏற்றிவிடுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். போன கிழமை அவள் ஏழாம் வகுப்புச் சோதனையில் சித்தியடைந்துவிட்டாள். தை மாதம் நேரே எட்டுக்குப் போவாள்.

ராத்தாவும் அதே தை மாதந்தான் எட்டுக்கு வருகிறாள்.

"டீச்சர், சின்னவள ஏழுலயே விடுங்க," என்றார் உம்மா. "ராத்தாட பழைய புத்தகத்தத்தானே அவ படிக்கிற. ரெண்டு பேரும் ஒரே வகுப்புல இருந்தா, ஒரு புத்தகத்த ரெண்டாக் கிழிக்க ஏலுமா?"

வாய் புத்தகக் கதை கதைத்தாலும், அவர் கண் மூத்தவளின் முகத்தை விட்டு நகரவில்லை.

ரஹீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூத்தவள்தான் சிரித்தாள். "உம்மா, நான் கத்திக் கத்திப் பாடமாக்கினதக் கேட்டுத்தானே இவ பாஸ் பண்ணின. புத்தகத்த எனக்கு வாங்குங்க. இவக்கு என்ட சத்தம் போதும்."

சின்னவளை ஏற்ற எங்களுக்குச் சோதனை தேவைப்பட்டது. சோதனையே வைக்காமல் மூத்தவளை ஏற்ற விதி ஏதும் உண்டா? தெரிந்த வாத்திமார் சொல்லுங்கள், நாளைக்கே அதிபரோடு சண்டைக்குப் போகிறேன்.