கட்டி முடிக்காத வரை

மொடினாட் லாகோஸில், பெரிய அலுவலகங்கள் நிறைந்த தீவுப் பக்கத்தில், ஒரு கேன்டீனில் சமையல் வேலை பார்த்தாள். கணவன் ரஃபியுவும் மகள் ஆயின்கேயும் நகரத்துக்கு வெளியே இபாஃபோவில் இருந்தார்கள். திங்கட்கிழமை விடியுமுன் பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் அவளுக்கு வீடு. நடுவில், கேன்டீன் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை. ஆயின்கேக்கு முன்பல் விழுந்ததைக்கூட அவள் போனில்தான் கேட்டாள்.

வேலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை கிடைத்தால் போதும் என்று புரோக்கரிடம் போனாள்.

"ரெண்டு வருஷ வாடகை முன்னாடியே குடுக்கணும். என் கமிஷன் தனி. அக்ரிமென்ட் காசு தனி. ஏதாவது உடைஞ்சா அதுக்கு ஒரு காசு" என்றான் அவன்.

"வாடகைக்குத்தானேப்பா கேட்டேன்? விலைக்கா கேட்டேன்?"

"இன்னிக்கு சிரிங்க மேடம். அடுத்த மாசம் வந்து இதே அறையைத் தேடுவீங்க."

அடுத்த மாதம் தேடத்தான் செய்தாள். அதற்குள் அது வேறொருவருக்குப் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரஃபியுவுக்கு, அவள் கேன்டீனுக்குப் பக்கத்திலேயே, லெக்கியில் காவல் வேலை கிடைத்தது. மூன்று மாடிக் கட்டடம். தூண்களும் கீழ்த்தளமும் மட்டும் எழும்பியிருந்தன. கட்டி முடியும் வரை காவல்காரன் குடும்பத்தோடு உள்ளேயே தங்கலாம், வாடகை இல்லை. கதவில்லாத வாசலுக்குப் பலகையும் ஜன்னல் ஓட்டைகளுக்குத் தார்ப்பாயும் கட்டினார்கள். முதல் நாள் சாயங்காலம் மொடினாட் கிழங்கு மாவுக் களி கிண்டினாள். மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஆயின்கே மடியிலேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் மொடினாட் அசையவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. கட்டடம் வளர்ந்துகொண்டே இருந்தது. சிமென்ட் லாரி வந்து நின்றால் அவள் முகம் சுருங்கும். மழை கொட்டி வேலை நின்றால் பாட்டு முணுமுணுப்பாள். கொத்தனார் கொசி, பக்கத்து நாட்டிலுள்ள கொட்டோனுவிலிருந்து வந்தவர், இதைக் கவனித்துவிட்டார்.

"எல்லாப் பொம்பளைங்களும் வீடு எப்ப முடியும்னு என் உயிரை வாங்குவாங்க. நீ ஒருத்திதான் நான் சோம்பேறியா இருக்கணும்னு வேண்டிக்கிறே."

"மெதுவாக் கட்டுங்கண்ணே. சுவர் உறுதியா நிக்கும்."

"உனக்காக ஒவ்வொரு கல்லையும் ரெண்டு தடவை வைக்கட்டுமா?"

ஒரு மழைக்காலம் முழுக்க, கட்டடச் சொந்தக்காரர்களுக்குப் பணத் தட்டுப்பாடு வந்து வேலை நின்றது. அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். வாசலில் மிளகாய்ச் செடி வைத்தாள். ஆயின்கே பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாயங்காலம் அம்மா கையால் தலை பின்னிக்கொண்டாள்.

பிறகு பணம் வந்தது. கண்ணாடி ஜன்னல் வந்தது, தரைக்கு டைல்ஸ் வந்தது. வீட்டுச் சொந்தக்காரி மேடம் ஒஸாஸு ஒரு நாள் சுற்றிப் பார்க்க வந்தாள்.

"எந்த அறையில காத்து நல்லா வருது?" என்று கேட்டாள்.

"எங்க அறையிலதான்" என்றாள் ஆயின்கே.

மொடினாட் துணிந்து கேட்டாள். "அந்த ஒரு அறையை மட்டும் எங்களுக்கே வாடகைக்கு விடுவீங்களா மேடம்?"

ரஃபியு அவள் கையைப் பிடித்து இழுத்தான். மேடம் ஒஸாஸு சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "தனி அறையா விடலம்மா. முழு வீடாத்தான் விடறோம்" என்று வாடகையைச் சொன்னாள். மொடினாட் பத்து வருஷம் சமைத்தாலும் அந்த வீட்டில் ஒரு வருஷம் இருக்க முடியாது. "தெரியாமக் கேட்டுட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போனாள்.

மாதக் கடைசியில் காலி செய்தார்கள். இரண்டு தெரு தள்ளி வேறொரு மனையில் ரஃபியுவுக்குக் காவல் வேலை கிடைத்தது. அஸ்திவாரக் குழி மட்டும் தோண்டி, தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள்.

"ஆயின்கே அம்மா, இது முடிய நாலு வருஷமாவது ஆகும்" என்றான் அவன், நல்ல செய்தி சொல்பவனைப் போல.

"ஆகட்டும். ஆனா எனக்கு ஒரு கதவு வேணும், ஆயின்கே அப்பா. உள்ள இருந்து நானே தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு கதவு. வேற ஒண்ணும் வேணாம்."



கேன்டீனிலிருந்து திரும்பும்போது அவள் அந்த மூன்று மாடி வீட்டு வழியாகத்தான் வருவாள். ஒரு சாயங்காலம் கீழ்த்தள ஜன்னலில் நீலத் திரைச்சீலை தொங்கியது. உள்ளே யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. மொடினாட் சற்று நேரம் நின்றாள். நான் என்றால் மஞ்சள் திரை போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.